யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்

பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதுதான். கோலா சிலாங்கூருக்கு மருமகளாக வந்து அப்போது நான்கு நாட்கள் ஆகியிருந்தன. கோவில்பட்டி என்றேன். ஆண்ட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேராக் பக்கமா?" என்றார். இந்தியா என்றேன். "அது பேச்சிலேயே தெரியுது லா. தோட்டம் எது?" என்றார். எங்கள் ஊரில் தோட்டம் என்றால் நாலு தென்னை, ஒரு கிணறு, ஒரு பம்புசெட்டு. அப்படி ஒன்றும் எங்களுக்குக் கிடையாது, அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர் என்று விளக்கமாகச் சொன்னேன். ஆண்ட்டிக்கு என் மேல் பாவமாகப் போய்விட்டது. ஒரு தட்டில் மூடி எடுத்துவந்திருந்த பலகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தப் பக்கத்துத் தமிழர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது தோட்டத்துப் பெயரால்தான் என்று பிறகு புரிந்தது. ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து, அங்கே வீடுகள் வரிசையாக எழும்பி, பிள்ளைகள் ரவாங்கில் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் போக ஆரம்பித்த பிறகும் தோட்டத்தின் பெயர் மட்டும் அவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கணவர் சரவணன் பிறக்கும்போது அவர்கள் லயம் பாதி காலியாகிவிட்டதாம். அவரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். கோவில்பட்டியில் தெருப் பெயரைக் கேட்பார்கள். அதிலேயே அவர்களுக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிடும். அந்த விஷம் இங்கே இந்தக் கேள்வியில் இல்லை என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. பதில் இல்லையே என்பது மட்டும்தான் சங்கடம்.

பகலில் வீட்டில் நான் தனி. சரவணன் செம்பனை ஆலையில் டெக்னீஷியன். காலையில் போனால் எண்ணெய் வாசனையோடு சாயங்காலம்தான் வருவார். அவருடைய பழைய லேப்டாப்பில் ஒரு கேம் கிடந்தது. அவர் இரண்டு வாரம் ஆடிவிட்டு, சண்டையே இல்லாத கேம், அலுப்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். எனக்கு அந்த அலுப்புதான் பிடித்தது. கேமின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, கண்டுபிடித்துவிடுவார்கள். பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கடலில் ஒரு தீவு, தீவின் நடுவே ஒரு ஆறு. இக்கரையில் வேரா என்று ஒருத்தி படகு செப்பனிடுவாள். அக்கரையில் தாலின் என்று ஒருத்தி விளக்கைக் காவல் காப்பாள். ஆடுகிறவர் இரண்டு கரைக்கும் நடுவே சாமான் சுமக்க வேண்டும். போகும்போதெல்லாம் வேரா, "அக்கரையில் விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா?" என்று கேட்பாள். தாலின், "படகு எப்போது தயாராகும்?" என்று கேட்பாள். நம்மை இங்கும் அங்கும் ஓடவைக்க எழுதப்பட்ட வசனம், அவ்வளவுதான். அவர்கள் இருவரும் சந்திப்பதற்கு அந்தக் கேமில் வழியே கிடையாது.

நூறு தடவை சாமான் சுமந்த பிறகு ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இவள் அவளைத்தான் விசாரிக்கிறாள், அவளும் இவளைத்தான் விசாரிக்கிறாள், நடுவில் நான் எதற்கு என்று தோன்றியது. அன்றைக்கே போனில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். வேரா ஒரு படகைத் தனக்கென்று செய்துகொண்டு ஆற்றைக் கடந்து போகிறாள். தாலின் விளக்கை உயர்த்திப் பிடித்து அவள் முகத்தைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு இருபத்தாறு அத்தியாயம்.

இப்படி எழுதுவதற்கு ஃபேன் ஃபிக்ஷன் என்று பெயர். அடுத்தவர் படைத்த உலகத்துக்குள் நுழைந்து, அங்கே இருப்பவர்களுக்கு நம் ஆசைப்படி ஒரு வாழ்க்கை எழுதிக் கொடுப்பது. இணையத்தில் அதற்கென்றே தளங்கள் இருக்கின்றன, உண்மைப் பெயரில் எழுதுபவர்கள் குறைவு. நான் உப்புக்காற்று என்று பெயர் வைத்துக்கொண்டேன். அந்த உலகத்துக்குச் சில வழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும், இவர்கள் என் படைப்பு அல்ல, இன்னாருடைய கேமிலிருந்து அன்பினால் எடுத்தேன் என்று எழுதிவிடுவோம். நாமே எடுத்து எழுதியவர்கள், நம்முடையதை மூடி வைக்கக்கூடாது என்று இன்னொரு வரியையும் பலர் போட்டுவைப்பார்கள். நானும் போட்டேன். "இந்தக் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மாற்றலாம், தொடரலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை." எடுத்தவர்கள் யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்வார்கள் என்பதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே யாருமே அதை எழுதுவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுங்கள் என்று நம் வீடுகளில் எழுதியா ஒட்டுகிறோம்?

காதல் கதை எழுதுவது எனக்குப் புதிதல்ல. திருநெல்வேலியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது தோழிகளுக்கு நோட்டில் கதை எழுதிக்கொடுப்பேன். ஒருத்திக்குப் போலீஸ் ஹீரோ, ஒருத்திக்கு டாக்டர், கேட்டபடி எழுதித் தருவேன். ஒரு முறை எனக்காக ஒன்று எழுதினேன். இரண்டு பெண்கள், ஒரு பேருந்துப் பயணம். நோட்டு அறை அறையாகச் சுற்றியது. எல்லோரும் ரசித்துப் படித்தார்கள். கடைசிப் பக்கம் வந்ததும், "ஹீரோ எப்ப வருவான்?" என்று கேட்டார்கள். அடுத்த நோட்டில் வருவான் என்று சொல்லித் தப்பித்தேன். அடுத்த நோட்டு எழுதவில்லை. படிப்பு முடிந்தது, மலேசிய மாப்பிள்ளை என்று சொன்னார்கள், கடல் தாண்டிப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பித் தலையாட்டினேன்.

ஜெசிந்தா வந்தது எட்டாம் அத்தியாயத்தில். நான் அந்தத் தீவின் ஆற்றோரத்தில் மின்மினி மொய்க்கும் மரங்களை வைத்திருந்தேன். கேமில் மின்மினி கிடையாது, இங்கே கோலா சிலாங்கூர் ஆற்றில் உண்டு. "அக்கா, இது எங்க சிலாங்கூர் ஆறுதானே? நீங்க கோலா சிலாங்கூரா?" என்று கீழே ஒரு கருத்து வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பதில் போடாமல் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் ஆமாம் என்று எழுதினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு என்று இன்றைக்குச் சொல்லலாம், ஆனால் அன்றைக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவள் பத்தாங் காலிக்காரி. தோட்டத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆபீசில் வேலை. என்னைவிட மூன்று வயது இளையவள். சனிக்கிழமைகளில் மத்தியானம் வேலை முடிந்து நேரே காரை எடுத்துக்கொண்டு வருவாள். கேமில் பழகிய தோழி என்று சரவணனிடம் சொன்னேன். உனக்கும் ஒரு ஆள் கிடைத்ததே என்று அவர் மகிழ்ந்தார். நாங்கள் சுங்கை பெசார் பக்கம் போய் வயல் ஓரமாகக் காரை நிறுத்திக்கொள்வோம். அவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி, தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாள். அதனால் நான் புதிய அத்தியாயத்தை வாசிக்க, அவள் கேட்பாள். இந்த வரி நீளம், இங்கே வேரா இவ்வளவு அழ வேண்டாம் என்று சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். திருத்திய அத்தியாயங்களைத் தன் போனில் வரிசையாகச் சேர்த்து வைத்தாள்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள் மேல் இருந்தது நட்பு மட்டுமல்ல. சனிக்கிழமைக்காக நான் வெள்ளிக்கிழமையே தலைக்குக் குளித்தேன். பத்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு தாலின் கொஞ்சம் கொஞ்சமாக ஜெசியாக மாறிவிட்டாள். யோசிக்கும்போது காதோர முடியை விரலில் சுற்றினாள். தேநீரை ஆறவிட்டே குடித்தாள். பயந்தால் அதை மறைக்க உரக்கச் சிரித்தாள். ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்ததும் ஜெசி கார் ஜன்னலை ஏற்றினாள். பிறகு, "இந்தத் தாலின் யாருக்கா?" என்று கேட்டாள். கேமில் வருகிறவள்தான் என்றேன். "ம்" என்றாள். திரும்பும் வழியெல்லாம் அவள் கை கியரிலும் என் கை அதன் மேலும் இருந்தது. அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இருபத்தாறாம் அத்தியாயம் முடிந்த சில மாதங்களில் ஜெசி வருவது குறைந்தது. ஓவர்டைம் என்றாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். ஒரு நாள் அழைப்பிதழ் வந்தது. வட்டாரத் தமிழ் மன்றம் ஒன்று நடத்திய குறுநாவல் போட்டியில் அவளுக்கு முதல் பரிசாம், நூல் வெளியீடாம், சரவணன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேண்டுமாம். நீ எழுதுவாயா என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியாமல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கோயில் மண்டபத்தில் விழா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடுவர். நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கிறேன் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆற்றங்கரையில் ஒரு தோட்டம், மின்மினி மரங்கள், கையில் விளக்கோடு நிற்கிற ஒருவன், தோணியில் வருகிற ஒரு பெண். "நீ வருவதற்குள் மூன்று முறை திரியை மாற்றிவிட்டேன். எண்ணெய் தீர்ந்தாலும் பரவாயில்லை, உன் முகம் தெரிந்தால் சரி." அது என் வரி. சமையலறையில் குக்கர் விசில் அடிக்க அடிக்க நின்றுகொண்டே எழுதிய வரி. வேராவின் பெயர் வேணி ஆகியிருந்தது. தாலின் தயாளன் ஆகியிருந்தான், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் மகன். வேராவின் கையிலிருந்த உளியைப் பிடுங்கி அவள் அப்பாவிடம் கொடுத்திருந்தாள் ஜெசி. வேணி வெறுமனே தோணியில் உட்கார்ந்து வந்தாள். கூட்டம் கைதட்டியது. எனக்கு அருகில் சரவணனும் தட்டினார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த ஊர் விழாக்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் விடமாட்டார்கள். தாய்த் தமிழகத்திலிருந்து நம் மண்ணுக்கு மருமகளாக வந்த சகோதரி வெற்றியாளருக்குப் பொன்னாடை போர்த்துவார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சரவணன் போ போ என்று தள்ளினார். மேடையேறிப் போய், என் கதையை எடுத்துக்கொண்டவளுக்கு நானே பொன்னாடை போர்த்தினேன். ஜெசி உரக்கச் சிரித்தாள். புகைப்படக்காரர் இன்னொரு முறை போர்த்தச் சொன்னார், இன்னொரு முறையும் போர்த்தினேன்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது கார் நிறுத்தியிருந்த இடத்தில் அவளைப் பிடித்தேன். திருடி என்று திட்டத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஏன் ஜெசி தாலின ஆம்பளையாக்குன? ஆக்கித்தான் தீரணும்னா வேராவ ஆக்கியிருக்கலாம்ல?"

அவள் பொன்னாடையை மடித்துக்கொண்டே நின்றாள். "அக்கா, நீங்கதானே எழுதியிருந்தீங்க, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், கேக்க வேணாம்னு. நீங்களும் கேம்லருந்து எடுத்ததுதானே?"

"நான் யாருகிட்டருந்து எடுத்தேன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"எப்படிக்கா சொல்றது? சொன்னா உங்க கதைய தேடிப் படிப்பாங்க. படிச்சா அந்தத் தாலின் நான்தான்னு தெரிஞ்சிடும் லா. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். சர்ச்சுல தெரிஞ்சிடும்." குரலைத் தாழ்த்தினாள். "கதை அவ்வளவு நல்லாருந்துச்சு. பத்துப் பேரு படிச்சிட்டு அப்படியே அழிஞ்சிடக் கூடாதுன்னு நெனச்சேன். நீங்க எப்பவும் உங்க பேர போடப் போறதில்லக்கா."

கடைசி வாக்கியம்தான் என்னை அடித்துப் போட்டது. அது உண்மை. அந்த மேடையில் ஏறி, இது என் கதை, இதோ சாட்சி என்று போனைத் திறந்து காட்ட எனக்கு அரை நிமிடம் போதும். காட்டினால் அந்தக் கதையில் யார் யாரை முத்தமிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். இந்த நாட்டில் நான் இருப்பது சரவணன் வருடா வருடம் போடும் கையெழுத்தில். சட்டமும் என் பக்கம் இல்லை. கோவில்பட்டிக்குப் போனாலும் கதவு திறந்திருக்காது. இதெல்லாம் ஜெசிக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள். என் வாய் எங்கே எவ்வளவு திறக்கும் என்று அந்தக் காரில் உட்கார்ந்து நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஊருக்கு ஒரு ஹீரோ வேண்டும் என்பதை என்னால் மன்னிக்க முடிகிறது. விடுதித் தோழிகளையே மன்னித்தேன். ஆனால் இரண்டு பெண்களில் அவள் தன்னைத் தேடி எடுத்து அழித்தாள். என்னை மட்டும் அங்கே விட்டுவிட்டாள். வேணி அந்தப் புத்தகத்தில் இன்னமும் ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறாள், அக்கரையில் ஜெசி இல்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சரவணன் கையில் புத்தகத்தோடு வந்துவிட்டார். ஜெசி அதில், "அன்பு அக்காவுக்கும் அண்ணனுக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் வரவும் இல்லை, நான் அழைக்கவும் இல்லை.

சரவணன் அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்தார். அவர் கெட்டவர் இல்லை. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து நிதானமாகப் படித்தார். நான் பூண்டு உரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். ஒன்பது வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. என் எழுத்து அவரை அழவைத்தது, அதை அவரிடம் சொல்ல வழியில்லை. படித்து முடித்ததும், "நல்லா எழுதியிருக்கா. ஆனா இந்தத் தயாளன் ஏன் எதுக்கெடுத்தாலும் பயப்படுறான்? ஆம்பள மாதிரியே இல்ல," என்றார். பிறகு பரிவோடுதான், "நீயும் தமிழ் படிச்சவதானே, வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல இப்படி ஏதாச்சும் எழுதலாம் லா," என்றார். சரி என்றேன். பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்துபோனேன்.

எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்த வரியை அழித்துவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். அழிக்கவில்லை. அழித்தால் கதையை இதுவரை அன்போடு எடுத்து வரைந்தவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவதாகும். ஒருத்தி செய்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். நாடு விட்டு நாடு வந்து இருக்கிற உங்களில் சிலருக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். வந்த இடத்தில் நமக்கென்று கிடைக்கிற முதல் ஆளை நாம் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம். ஊரில் என்றால் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்போம். இங்கே அவள் என் மொழியைப் பேசுகிறாள், என் கதையைப் படித்திருக்கிறாள் என்பதே நற்சான்றிதழ் ஆகிவிட்டது. எனக்கு இன்றும் கோபம்தான். சனிக்கிழமை மத்தியானங்களில் வாசலில் கார் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பதும் நின்றபாடில்லை.

போன மாதம் விசா புதுப்பிக்கப் போயிருந்தோம். கணவர் கூடவே வந்தாக வேண்டும் என்பது விதி. கூடத்தில் எண் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தைச் சரவணன்தான் நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் சூரி ருமா, அதாவது இல்லத்தரசி என்று எழுதினார். அப்போது போனில் ஒரு கருத்து வந்தது. எழுதியவள் சுங்கை பெசாரில் படிக்கும் ஒரு பெண். "அக்கா, எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகம் படித்தேன். அப்படியே உங்கள் கதை, தாலினை மட்டும் ஆணாக்கியிருக்கிறார்கள். எனக்கு அழுகையாக வந்தது. நான் தாலினைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். உங்கள் உண்மையான பெயரை மட்டும் சொல்லுங்கள்."

சரவணனின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுதினேன். "ஆமாம், அது என் கதை. தாலின் பெண்தான், பெண்ணாகத்தான் இருப்பாள். என் பெயரை மட்டும் கேட்காதே." அனுப்பிவிட்டேன். அந்தக் கதைக்கு நான் வெளிப்படையாக உரிமை கேட்டது அதுதான் முதல் முறை.

முகப்பிலிருந்த அதிகாரி என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். அப்பா பெயரும் சேர்ந்து, தமிழ் அவர் வாயில் நுழையாமல் உடைந்து, கூடம் முழுவதும் கேட்டது. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். சரவணன் என்னை இடித்து, "உன்னத்தான்," என்றார். நான்தான் என்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனேன். அதிகாரி புன்னகைத்து, ஒளிரும் சிறிய கண்ணாடியைக் காட்டி நான்கு விரல்களையும் வைக்கச் சொன்னார். அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ரேகை பதியாதாம். பக்கத்தில் சரவணன் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முகப்பு மேசைமேல் வைத்திருந்த என் போனில் அந்தப் பெண்ணின் பதில் வந்து நின்றது. "சரி அக்கா. அப்படியென்றால், எழுதியது யார் என்று நான் சொல்லட்டும்?"

கையை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எடுக்கவில்லை.